உங்களுக்குத் தெரியுமா? – தண்டுவடமும் ஸ்டீராய்டு ஊசியும்

திருச்சி பாலக்கரை ரவுண்டானா பக்கம் தினமும் போய்வருகிறவர்கள் கண்ணில் இது படாமல் இருக்காது. பஸ்ஸோ ஆட்டோவோ இடித்துவிட்டுப் போயிருக்கும். தெருநாய் ஒன்று பின்னங்கால் இரண்டையும் தரையில் தேய்த்தபடி, முன்னங்காலாலேயே உடம்பை இழுத்துக்கொண்டு கடை ஓரமாக ஒதுங்கும். “கால் உடைஞ்சு போச்சு பாவம்” என்பார் பக்கத்தில் நிற்பவர். பல சமயம் காலில் ஒரு கீறல்கூட இருக்காது. அடிபட்டது முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம். தென்னை மரத்திலிருந்து விழுந்து, புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படும் மனிதருக்கு நேர்வதும் இதேதான். நாய்க்கும் மனிதருக்கும் பல ஆண்டுகளாக ஒரே வகை ஊசி போடப்பட்டு வந்தது: ஸ்டீராய்டு. அந்த ஊசி எங்கிருந்து வந்தது, எந்தெந்த உயிர்கள் வழியாக வந்தது, நிஜமாகவே பலன் தந்ததா? இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

● தண்டுவடம் அடிபட்ட நாயின் கால்விரலைக் கால்நடை மருத்துவர் இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். நாய் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். வளர்த்தவர் முகம் மலர்ந்துவிடும். ஆனால் மருத்துவர் காலைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்; நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். காலை இழுப்பதற்கு மூளை தேவையில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே மிச்சமிருக்கும் தண்டுவடமே அதைச் செய்துவிடும். நாய் தலையைத் திருப்பிப் பார்த்தால், முனகினால், கடிக்க வந்தால்தான் வலி மூளை வரை போயிருக்கிறது என்று பொருள். அந்த ஆழமான வலி உணர்வு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே அது திரும்ப நடக்குமா என்பதைப் பெருமளவு கணிக்கிறார்கள்.

● அடிபட்ட சில நாய்கள் முன்னங்கால்களை விறைப்பாக நீட்டிக்கொண்டு கிடக்கும். பார்ப்பவர்கள் நான்கு காலும் போய்விட்டது என்று கைவிட்டுவிடுவார்கள். அது தவறு. முன்னங்கால்களைத் தளர்த்தி வைக்கச் சொல்லும் நரம்பணுக்கள் இடுப்புப் பக்கத் தண்டுவடத்தில் இருக்கின்றன. நடுவில் வழி அடைபட்டதால் வந்த விறைப்பு அது. ஷிஃப்–ஷெரிங்டன் நிலை என்று இதற்குப் பெயர். இந்த விறைப்பை மட்டும் வைத்து அந்த நாய் பிழைக்காது என்று முடிவு கட்டக் கூடாது.

● தண்டுவடக் காயத்தை ஆய்வகத்தில் முதன்முதலாக அளந்து உண்டாக்கியவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஆல்ஃபிரட் ரெஜினால்ட் ஆலன். ஆண்டு 1911. மயக்கம் கொடுத்த நாயின் முதுகெலும்பைத் திறந்து, தெரிந்த எடையைத் தெரிந்த உயரத்திலிருந்து தண்டுவடத்தின் மேல் விழச் செய்தார். எடையையும் உயரத்தையும் பெருக்கினால் காயத்தின் அளவு கிடைத்தது. ஒரே அளவு காயத்தைப் பல விலங்குகளில் உண்டாக்கி, சிலவற்றுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து ஒப்பிட முடியும் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

ஆலன் இன்னொன்றையும் கவனித்தார். அடிபட்ட தண்டுவடத்தைக் கீறி, உள்ளே தேங்கிய ரத்தத்தையும் கசிவையும் வெளியேற்றிய நாய்கள் மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. ஆகவே சேதம் அடி விழுந்த நொடியோடு முடிவதில்லை. அடுத்த சில மணி நேரங்களிலும் நாள்களிலும் உள்ளுக்குள் தொடர்கிறது. வீக்கம், ரத்த ஓட்டக் குறைவு, செல் சவ்வின் கொழுப்பைத் தாக்கும் வேதிப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து, தப்பிப் பிழைத்த நரம்புகளையும் அழிக்கின்றன. இதை இரண்டாம் கட்டச் சேதம் என்கிறார்கள். முதல் அடியை எந்த மருந்தாலும் திரும்பப் பெற முடியாது. இரண்டாம் கட்டத்தைத் தடுக்கலாம். நூறு ஆண்டுகளாக நடக்கும் தண்டுவட ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

● அதே 1911-ல் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் கிரஹாம் பிரவுன், மூளையிலிருந்து வரும் கட்டளை அறுபட்ட பிறகும் பூனையின் தண்டுவடம் நடைக்கான தாளத்தைத் தானே உண்டாக்குகிறது என்று காட்டினார். வலி உணர்வே திரும்பாத சில நாய்கள் மாதக் கணக்கான பயிற்சிக்குப் பிறகு தட்டுத்தடுமாறி நடக்கத் தொடங்குவதற்கும் இதுவே காரணம்.

● ஸ்டீராய்டு எப்படி உள்ளே வந்தது? 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் கொடுக்கப்பட்டது. படுக்கையில் கிடந்தவர் சில நாள்களில் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்கு நோபல் பரிசு. வீக்கம் என்று எங்கே கேட்டாலும் ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்க்கிற காலம் பிறந்தது. 1961-ல் மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டால் வற்றுவது தெரிந்தது. மூளைக்கு ஆகுமென்றால் தண்டுவடத்துக்கும் ஆகும் என்று நினைத்தார்கள். 1969-ல் டக்கர், ஹாமிட் என்ற இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் நாய்களில் சோதித்து, பலன் இருப்பதாக எழுதினார்கள். பிறகு குரங்குகளிலும் பார்த்தார்கள்.

● இன்று உலகமெங்கும் தெரிந்த அந்த அளவு, அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, பூனைகளிடமிருந்து வந்தது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் ஹால், மார்க் பிராக்லர் இருவரும் பூனைகளின் தண்டுவடத்தில் இதைப் படிப்படியாக அளந்தார்கள். அவர்கள் கண்ட மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இந்த மருந்து இங்கே வேலை செய்வது வழக்கமான ஸ்டீராய்டு வழியில் அல்ல. செல் சவ்வின் கொழுப்பு கெட்டுப்போவதைத் தடுப்பதே இதன் முக்கிய வேலை. அதற்கு மிகப் பெரிய அளவு தேவை. இரண்டாவது, 30 மில்லிகிராமில் கிடைத்த பலன் 60-க்கு ஏற்றியதும் காணாமல் போனது. மூன்றாவது, நேரம் ஆக ஆக அடிபட்ட தண்டுவடத்துக்குள் மருந்து நுழைவதே குறைந்துகொண்டு போனது. கூடினாலும் பயனில்லை, தாமதித்தாலும் பயனில்லை என்று பூனைகள் அப்போதே சொல்லிவிட்டன.

● கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் கால் மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லிகிராம்: 1,800 மில்லிகிராம். முக்கால் மணி நேர இடைவெளிக்குப் பிறகு 23 மணி நேரம், மணிக்குக் கிலோவுக்கு 5.4 மில்லிகிராம்: 7,452 மில்லிகிராம். மொத்தம் ஏறக்குறைய ஒன்பதே கால் கிராம். மருந்துக் கடையில் கிடைக்கும் 16 மில்லிகிராம் மாத்திரையில் கிட்டத்தட்ட 580 மாத்திரை, ஒரே நாளில், ரத்தக்குழாய் வழியாக.

● இந்த அளவு மனிதருக்கு வந்தது மூன்று பெரிய அமெரிக்க ஆய்வுகளின் வழியாக. மூன்றையும் நடத்தியவர் யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பிராக்கன். முதலாவது 1984-ல் வெளியானது, 330 நோயாளிகள். சிறிய அளவுக்கும் பெரிய அளவுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை, பெரிய அளவு வாங்கியவர்களுக்குப் புண்ணில் சீழ் பிடிப்பது கூடியது. இரண்டாவது 1990-ல், 487 பேர். பூனைகளின் அளவு இதில்தான் மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய மாற்றம் தெரியவில்லை. அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, ஆறு மாதத்தில் தசை வலு மதிப்பெண் 70-க்கு 16 கூடியிருந்தது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களுக்கு 11.2.

அந்த ஐந்து மதிப்பெண்ணுக்குள் எத்தனையோ வீடுகளின் நம்பிக்கை அடங்கியிருந்தது. ஆய்விதழ் அச்சாகி வருவதற்கு முன்பே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் மருத்துவர்களுக்குத் தகவல் அனுப்பியது. பத்திரிகைகள் எழுதின. உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் அது சட்டம்போல் ஆகிவிட்டது. மூன்றாவது ஆய்வு 1997-ல், 499 பேர். 24 மணி நேரத்தை 48-ஆக நீட்டியவர்களுக்குக் கடும் நிமோனியாவும் ரத்தத்தில் நச்சுத்தொற்றும் கூடுதலாக வந்தன.

8 மணி நேரம் என்ற கோடு எங்கிருந்து வந்தது என்று பல நரம்பியல் அறுவை மருத்துவர்கள் பிற்பாடு கேட்டார்கள். உடம்பு வகுத்த எல்லை அல்ல அது. ஆய்வில் சேர்ந்தவர்களை ஏறத்தாழப் பாதியாகப் பிரித்த கோடு. நியாயமான கேள்வி. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியும்கூட.

● பலன் இருக்கிறது என்று நம்பியே எல்லா மருத்துவர்களும் இந்த ஊசியைப் போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதுகெலும்பு அறுவை மருத்துவர்களிடம் கேட்டபோது பலர் வெளிப்படையாகச் சொன்னது: கொடுக்காவிட்டால் வழக்கு வரும் என்ற பயம்.

● 2004-ல் ஒரு பேரிடி. தலைக்காயத்துக்கு இதே மெத்தில்பிரெட்னிசலோனைச் சோதித்த ‘கிராஷ்’ ஆய்வு, 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டது; 10,008 பேரோடு நிறுத்தப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். அதுவரை எத்தனை ஆண்டுகள், எத்தனை நாடுகளில், எத்தனை தலைக்காயக்காரர்களுக்கு நல்லெண்ணத்தோடு இந்த ஊசி போடப்பட்டது என்று நினைத்துப் பார்த்தால் மனம் பதறுகிறது. தலைக்காயமும் தண்டுவடக் காயமும் ஒன்றல்ல. ஆனால் விபத்தில் சிக்கியவருக்குப் பல சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

● 2013-ல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டி, கடும் தண்டுவடக் காயத்துக்கு மெத்தில்பிரெட்னிசலோன் பரிந்துரைக்கப்படவில்லை என்று திட்டவட்டமாக எழுதியது. 2017-ல் வந்த இன்னொரு சர்வதேச வழிகாட்டி, 8 மணி நேரத்துக்குள் வந்தவருக்கு 24 மணி நேர ஊசியை ஒரு தேர்வாக முன்வைக்கலாம் என்றது. 8 மணி நேரம் தாண்டியவருக்கும், 48 மணி நேர ஊசிக்கும் அதுவும் இடம் தரவில்லை.

● இப்போது விலங்குகளிடம் திரும்பலாம். மெத்தில்பிரெட்னிசலோனை விலங்குத் தண்டுவடத்தில் சோதித்த 62 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009-ல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. பலன் கண்டவை 34 சதவீதம். பலனே இல்லை என்றவை 58 சதவீதம். மிச்சம் 8 சதவீதம் இரண்டும் கலந்தவை. ஒரே இனத்துக்குள்ளேயே முடிவுகள் முரண்பட்டன. விலங்குகளில் வெற்றி, மனிதரில் தோல்வி என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல. விலங்குகளிலேயே வெற்றி உறுதியாகவில்லை. கிடைத்த நல்ல செய்தி மட்டும் ஊரெல்லாம் சுற்றிவந்தது.

● எலியின் தண்டுவடத்தில் அடிபட்டால் அந்த இடத்தில் நீர் நிறைந்த பொந்து உண்டாகும். மனிதருக்கும் அப்படித்தான். சுண்டெலிக்குப் பொந்து விழாது. நார்த்திசு வளர்ந்து மூடிவிடும். இன்னும் ஒன்று: மூளையிலிருந்து கைகால் அசைவுக்கு இறங்கும் முக்கிய நரம்புக் கற்றை எலிக்குத் தண்டுவடத்தின் முதுகுப்புறத்தில் ஓடுகிறது; மனிதருக்குப் பெரும்பகுதி பக்கவாட்டில். எலி அந்தக் கற்றையை இழந்தாலும் ஓரளவு நன்றாகவே நடக்கும். நாம் நடக்க மாட்டோம்.

இது தவிர, ஆய்வக எலி இளையது, ஆரோக்கியமானது, மயக்கத்தில் இருக்கிறது, அடி எந்த நிமிடம் விழுந்தது என்று கடிகாரம் பார்த்துச் சொல்லலாம். லாரி மோதி மேலப்புதூரில் விழுந்துகிடக்கும் ஐம்பது வயதுக்காரருக்குச் சர்க்கரை இருக்கும், விலா உடைந்திருக்கும், ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், எத்தனை மணிக்கு விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது.

● ஆய்வகங்களில் பரவலான ஒரு கருவியின் அமைப்பு எளிமையானது: 10 கிராம் எடையுள்ள சிறிய உலோகத் தண்டு. அது 12.5 மில்லிமீட்டர் உயரத்திலிருந்தோ 25 மில்லிமீட்டர் உயரத்திலிருந்தோ எலியின் தண்டுவடத்தில் விழும். விழும் வேகத்தைக் கணினி பதியும். பிறகு வாரக் கணக்கில் எலியைத் திறந்தவெளியில் நான்கு நிமிடம் நடக்கவிட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். கால் அசையவே இல்லை என்றால் 0. மூட்டு லேசாக அசைந்தால் 1. பாதம் தரையில் பதிகிறதா, எடை தாங்குகிறதா, விரல் தேய்கிறதா, வால் தூக்கி நிற்கிறதா என்று பார்த்து 21 வரை போகும். 1995-ல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வகுத்த முறை இது.

● பின்பாதி செயலிழந்த எலியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. ஆய்வக ஊழியர் ஒருவர் அதைக் கையில் ஏந்தி, அடிவயிற்றை விரலால் மெல்ல அழுத்தி, தினமும் இரண்டு மூன்று முறை வெளியேற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் அதற்கு விலக்கல்ல. ஒரு வேளை தவறினால் தொற்று, பிறகு சாவு. இந்த ஆய்வுகளுக்குப் பெண் எலிகளையே அதிகம் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமும் இதுதான்: சிறுநீர்த் தாரை குட்டையாக இருப்பதால் அழுத்தி வெளியேற்றுவது எளிது. ஆய்வுக் கட்டுரையில் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்த வேலையைச் செய்கிற கைகளுக்கு என் மரியாதை.

● நம் கோயில் மதில்களில் தாவித் திரியும் நாட்டுக் குரங்கும் இந்த வரலாற்றில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் உள்ள டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், தண்டுவடத்தின் ஒரு பாதியை வெட்டிய பிறகு நாட்டுக் குரங்குகளின் நடை எப்படித் திரும்புகிறது என்று ஆராய்ந்து 2000-ல் சர்வதேச நரம்பியல் இதழில் வெளியிட்டார்கள். பிற்பாடு பாதத் தடங்களைப் பதிவுசெய்து அளந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் எலிகளின் தண்டுவடக் காயத்தில் மூக்கின் நுகர்வு நரம்பு செல்களையும் எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களையும் செலுத்திச் சோதித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்த கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

● இந்தியாவில் விலங்குச் சோதனையைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியத்துக்காகக் கொண்டாடுகிறோம், இதற்காகவும் கொண்டாட வேண்டும். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கொடுத்த பிறகு திரும்பப் பெற்றார். 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையில் இயங்கியது. சோதனைக்கு வரும் விலங்குக்கு வலி தெரியாமல் மயக்கம் கொடுக்க வேண்டும், சிறிய விலங்கு போதுமென்றால் பெரியதைத் தொடக் கூடாது, வேறு வழி இருந்தால் விலங்கையே தவிர்க்க வேண்டும் என்பவை அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் இருக்கின்றன. இன்று ஒவ்வோர் ஆய்வகமும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றே ஓர் எலியைக்கூடத் தொட முடியும்.

● நீள உடம்பும் குட்டைக் காலுமாகத் திருச்சி வீடுகளில் செல்லமாக வளரும் டாஷ்ஹண்ட் நாய்க்கு, யாரும் இடிக்காமலேயே தண்டுவடம் நசுங்கலாம். சோபாவிலிருந்து குதிக்கும், மறுநாள் காலை எழுந்திருக்காது. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு இளம் வயதிலேயே இறுகிப்போய், பிதுங்கித் தண்டுவடத்தில் மோதுவதுதான் காரணம். எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் கூடுதல் பிரதி நாயின் 12-ஆவது குரோமோசோமில் ஒட்டிக்கொண்டதே இதற்கு வேர் என்று 2017-ல் கண்டுபிடித்தார்கள்.

இப்படி இயற்கையாகவே நோய்ப்பட்ட வீட்டு நாய்கள், ஆய்வகத்தில் காயப்படுத்தப்பட்ட விலங்கைவிட மனித விபத்துக்கு நெருக்கமான உதாரணம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் குழு, வலி உணர்வை இழந்த 63 நாய்களைச் சேர்த்தது. எல்லாவற்றுக்கும் அறுவை சிகிச்சை. சிலவற்றுக்கு மெத்தில்பிரெட்னிசலோன், சிலவற்றுக்கு வேறொரு மருந்து, சிலவற்றுக்கு வெறும் திரவம். எதற்கு எது போனது என்று மதிப்பெண் போட்டவருக்குத் தெரியாது. 2016-ல் முடிவு வந்தது: ஸ்டீராய்டு கூடுதல் பலன் எதையும் தரவில்லை. ஆலன் நாயில் தொடங்கிய கேள்விக்கு நாயிடமிருந்தே நேர்மையான பதில் வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

● டெக்ஸாமெத்தசோன் மட்டும் சும்மா விடுமா? முதுகு வட்டு பிதுங்கிய 161 நாய்களின் மருத்துவக் குறிப்புகளைப் புரட்டி 2008-ல் வெளியிட்டார்கள். டெக்ஸா பெற்றவற்றுக்கு நடையில் பலன் இல்லை; சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு 11 மடங்கு கூடியிருந்தது; வயிற்றுப்போக்கும் அதிகம். குடல் ஓட்டையாகி இறந்த நாய்களைப் பற்றி 1980-லேயே எழுதியிருக்கிறார்கள். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். 2022-ல் வந்த கால்நடை நரம்பியல் நிபுணர்களின் கூட்டு வழிகாட்டி, இந்த நோய்க்கு வழக்கமாக ஸ்டீராய்டு கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை.

● சினைப்பசுவுக்கு, அதுவும் கடைசி மாதங்களில், டெக்ஸாமெத்தசோன் போட்டால் கன்று முன்கூட்டியே விழுந்துவிடும். படுத்த பசுவுக்கு யாரோ சொன்னார்கள் என்று ஊசி போடச் சொல்லாதீர்கள். கன்று ஈன்றதும் எழ முடியாமல் படுக்கும் பசுவுக்குப் பல சமயம் குறைவது சுண்ணாம்புச் சத்து, தண்டுவடம் அல்ல.

● விலங்குச் சோதனையில் ஸ்டீராய்டு ஜெயித்த இடமும் உண்டு. நியூசிலாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு பெற்ற குறைமாத ஆட்டுக்குட்டி பிழைக்கவே முடியாத வயதில் மூச்சு விட்டது. 1969-ல் எழுதினார். 1972-ல் சக மருத்துவர் ஹோவியோடு சேர்ந்து கர்ப்பிணிகளில் சோதித்து உறுதிசெய்தார். குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் இன்று தாய்க்குப் போடும் அந்த ஊசி, எத்தனையோ குழந்தைகளின் நுரையீரலைக் காப்பாற்றுகிறது. ஆட்டில் கண்டதை மனிதரில் முறையாகச் சோதித்து, திரும்பத் திரும்ப அதே விடை வந்ததால் நிலைத்தது. தண்டுவடத்தில் திரும்பத் திரும்ப வேறு வேறு விடை வந்தது. அதைக் கேட்க நமக்குப் பொறுமை இருக்கவில்லை.

● இரண்டாம் உலகப் போர் வரை தண்டுவடம் முறிந்தவர்கள் பெரும்பாலும் இறந்தது காயத்தால் அல்ல. சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார். சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் காக்கச் சொன்னார். விளையாடவும் வைத்தார், பாராலிம்பிக்ஸ் அங்கிருந்து பிறந்தது. எந்த ஸ்டீராய்டும் காப்பாற்றாத அளவு உயிர்களைத் திருப்பிப் படுக்கவைத்த கைகள் காப்பாற்றின.

● 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் முறிந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தெடுத்தார். 1966-ல் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்றும் தண்டுவடக் காயக்காரர்களை எழுப்பி உட்காரவைக்கிறது. தென்காசி பக்கம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020-ல் பத்மஸ்ரீ.

● இன்று மருத்துவர்கள் முதல் சில மணி நேரங்களில் கவனிப்பது: கழுத்தும் முதுகும் அசையாமல் இருக்கிறதா, மூச்சு ஒழுங்காக இருக்கிறதா, ரத்த அழுத்தம் இறங்காமல் தண்டுவடத்துக்கு ரத்தம் போகிறதா, நசுக்கும் எலும்பை எவ்வளவு சீக்கிரம் அறுவை செய்து விலக்கலாம். புற்றுக் கட்டி தண்டுவடத்தை நசுக்கும்போது டெக்ஸாமெத்தசோன் இன்றும் உரிய மருந்துதான். விபத்துக் காயம் வேறு. வேறு நோய்க்கு நீண்டகாலமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட விடாதீர்கள்.

● நம் ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவரை, ஜல்லிக்கட்டில் தூக்கி எறியப்பட்டவரை, வண்டி மோதிக் கிடப்பவரைக் கையையும் காலையும் பிடித்து ஆளுக்கொரு பக்கமாகத் தூக்காதீர்கள். ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்காதீர்கள். எழுப்பித் தண்ணீர் கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், வரும்வரை தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்க்கோட்டில் அசையாமல் இருக்கட்டும். சாலை விபத்து என்றால் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஆகவே காசுக்காக அலைந்து நேரத்தை விடாதீர்கள். அடிபட்டது நாய் என்றால், வலியில் கடிக்கும் என்பதால் வாயைத் துணியால் தளர்வாகக் கட்டி, பலகையிலோ கெட்டியான அட்டையிலோ நகர்த்திப் படுக்கவைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடையில் கேட்டு டெக்ஸா ஊசி வாங்கிப் போடாதீர்கள், மனிதருக்கும் சரி, நாய்க்கும் சரி. மருத்துவரே ஸ்டீராய்டு எழுதினால், அடிபட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று, எத்தனை மணி நேரம் கொடுக்கப் போகிறீர்கள், தொற்று வராமல் என்ன செய்வீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.